தரை ரோஜாவும் நான் வெட்டிய கிளைகளும்

பிள்ளைகளே, எனக்குப் படிப்பு ஒன்பதாம் கிளாஸோடு நின்றுவிட்டது. இதில் எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம். தோட்ட வேலையில் நான் பார்த்ததை எழுதித் தரும்படி நீங்கள்தான் கேட்டீர்கள். நல்லதாக நாலு விஷயம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கை இதைத்தான் எழுதுகிறது.

1. செடி வந்த நாள்

ஓசூரிலிருந்து செடி வந்த அன்றைக்கு லாரி ஷெட்டுக்குப் போய் நான்தான் எடுத்து வந்தேன். பதினாறு அட்டைப்பெட்டி. உள்ளே கறுப்புக் கவரில் ஒரு சாண் உயரக் கன்றுகள். வழியில் நசுங்கக் கூடாது என்று கிளையையெல்லாம் நறுக்கி அனுப்பியிருந்தார்கள். இலை பொடிசு, தண்டு நோஞ்சான். பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது நான் வேலை பார்த்தது துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸ். முன்பக்கம் கடலைப் பார்த்து ஒரு மண் சரிவு உண்டு. அதில் என்ன வைத்தாலும் கொண்டல் காற்று உப்பைக் கொண்டுவந்து கருக்கிவிடும். புல் வைத்தோம், போயிற்று. வெறும் மண்ணாகக் கிடந்தது. எஸ்டேட் ஆபீசர் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் எங்கோ வெளிநாட்டில் கடற்கரை ஓரத்தில் ரோஜா தரையில் பாய் விரித்த மாதிரிப் படர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். முட்டி உயரம்கூட வளராதாம், மருந்து வேண்டாமாம், வருஷத்துக்கு ஒரு தடவை வேலி வெட்டுகிற கத்தரியால் தலையைத் தட்டிவிட்டால் போதுமாம். போனில் படம் காட்டினார்.

"தங்கராஜ், மெயின்டனன்ஸே இல்லாத ரோஜா. உங்க கையில குடுக்கறேன்" என்றார்.

இருபத்தைந்து வருஷம் ரோஜா வளர்த்தவனிடம் வேலையே இல்லாத ரோஜா என்றால் எப்படி இருக்கும்? தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் சிரித்தேன்.

2. தண்ணீர்

தோட்டத்தில் எனக்கு உதவிக்கு இருந்தவள் முத்துக்கனி. முள்ளக்காட்டுக்காரி. பதினெட்டு வருஷம் உப்பளத்தில் பாத்தி மிதித்துவிட்டு இங்கே வந்தவள். காலில் பித்தவெடிப்பு இல்லை, வெட்டுக்காயம் மாதிரிப் பிளந்திருக்கும். உப்பு வெயிலைப் பார்த்துப் பார்த்து கண் எப்போதும் இடுங்கியே இருக்கும். தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷத்தில் கால் ஆறிவிட்டது. பாதத்தை மடக்கிக் காட்டி, "பாத்தீயளா அண்ணாச்சி, பொம்பளக் காலு மாரி ஆயிட்டு" என்று சிரிப்பாள். ஆறிய அந்தக் கால் மறுபடி உப்பில் இறங்கக் கூடாது. அவளுக்கு இந்த வேலையில் இருந்த பெரிய கவலை அதுதான். அவள் மகள் அப்போது எட்டாம் கிளாஸ். மகளையும் உப்பளத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்று அடிக்கடி சொல்லுவாள்.

சரிவை நானும் அவளும்தான் தயார் செய்தோம். கடலோரத்தில் ரோஜா வைக்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்தோம். சாத்தான்குளம் பக்கமிருந்து தேரிச் செம்மண் வந்தது. அதோடு மக்கிய ஆட்டுப் புழுக்கை, ஜிப்சம், தேங்காய் நார்த்தூள். நார்த்தூளை அப்படியே போடக் கூடாது, அதிலேயே உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் ஊற்றி அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். சரிவில் சொட்டுநீர்க் குழாய் ஓட்டினோம். மேலே ஓலை பரப்பினோம்.

கெஸ்ட் ஹவுஸில் இரண்டு வால்வு. ஒன்று ஆத்தூரிலிருந்து லாரியில் வருகிற தண்ணீரை நிரப்பும் தொட்டியிலிருந்து வருவது, நல்ல தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. அது கழிப்பறைக்கும் கார் கழுவுவதற்கும். ரோஜாவுக்கு நல்ல தண்ணீர் வால்வை மட்டும் திறக்க வேண்டும். அது முத்துக்கனியின் பொறுப்பு.

அவளுக்கு ஒரு பழக்கம். வால்வைத் திறந்ததும் குழாய் நுனியில் சொட்டுகிற முதல் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பாள். பிறகுதான் அடுத்த வேலை. உப்பளத்தில் தண்ணீர் எப்போது உப்பாகும் என்பதை அவர்கள் நாக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்களாம். லாரிக்காரன் ஒரு தடவை வேறு கிணற்றில் பிடித்துக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவள் விரலை வைத்துவிட்டு, "இது ஆத்தூர்த் தண்ணி இல்ல, ஏமாத்துதான்" என்றாள். லாரிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டான்.

3. கத்தரி

ஐப்பசியில் நட்டோம். கார்த்திகை மழையில் செடி பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அடியிலிருந்து கிளை வர ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். நர்சரியில் நாம் வழக்கமாக வாங்குகிற ரோஜா இரண்டு செடி. வேர் ஒரு செடி, மேலே பூக்கிறது இன்னொரு செடி. நடுவில் முடிச்சு மாதிரி தெரிவதுதான் ஒட்டு. ஒட்டுக்குக் கீழே கிளை வந்தால் அது வேர்ச்செடியின் கிளை. நாங்கள் காட்டுக் கிளை என்போம். அதை விட்டுவைத்தால் மேல்செடியின் சாரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கடைசியில் அது மட்டும் முள்ளாக நிற்கும். அதற்கு அடையாளமும் உண்டு. ஒரு காம்பில் ஐந்து இலை இருந்தால் நல்ல கிளை, ஏழு இருந்தால் காடு.

இந்தக் காட்டுக் கிளையைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. மண்ணிலிருந்து மூக்கை நீட்டும்போதே பார்த்துவிடுவேன். டூவிபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டம்மா, "தங்கராசுக்குக் கண்ணுல இல்ல, கத்தரிலதான் பார்வை" என்பார்கள். அந்தப் பேச்சை நான் பல வருஷம் மனதில் வைத்து ருசித்தவன்.

சரிவில் வந்த கிளைகள் எல்லாம் மண்ணை ஒட்டி வந்தன. நூல் மாதிரி மெலிசு. நிமிராமல் தரையிலேயே ஓடின. காம்பை எண்ணினேன். ஏழு இலை, சிலதில் ஒன்பது. தினமும் காலையில் வந்ததும் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக அடியோடு வெட்டினேன். வெட்டியதை முத்துக்கனி கூடையில் அள்ளுவாள்.

ஒருநாள் அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, படரணும்னுதான இதை வாங்குனாவ?"

"ஆமா."

"படரப் போற கிளைய எல்லாம் வெட்டுதிய. பெறவு எப்படிப் படரும்?"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் வாட்ச்மேனும் டிரைவரும் நின்றார்கள்.

"ஏளா, உப்பு வாருனவளுக்கு ரோசா வளக்கத் தெரியுமோ? வேணும்னா கூடையில உள்ளதை எல்லாம் ஒங்க பாத்தியில கொண்டுபோயி நடு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நட்டா உப்புல பூக்கும், மல்லிகப்பூ மாரி வெள்ளையா" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் குப்பைக்குழிக்குக் கொண்டுபோனாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் ஒரு கிளை விடாமல் வெட்டினேன்.

4. ஒரு தாள்

மாசி மாதம் செடி நின்ற இடத்தில் குச்சி நின்றது. வந்த இலையும் வெளிறிப்போய்க் கொட்டியது. நுனியிலிருந்து காய்ந்து கீழே இறங்கியது. கம்பெனியில் பெரிய ஆட்கள் வருகிற சமயம். சார் சரிவைப் பார்த்துவிட்டு என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"என்ன தங்கராஜ், குச்சி குச்சியா நிக்குது? மெயின்டனன்ஸே வேண்டாம்னு சொன்ன செடி. நீங்க என்ன பண்ணுனீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் என்ன பண்ணுனீங்க என்று என்னைப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பயந்துவிட்டேன். பெரியவளுக்குக் காலேஜ் சேர வேண்டிய வருஷம் அது. இதை உங்கள் மேல் பழி போட எழுதவில்லை. என் பயத்துக்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

"உப்பு சார்" என்றேன். கடற்கரையில் எந்தச் செடி செத்தாலும் இந்த ஒரு வார்த்தை போதும்.

"நல்ல தண்ணிதானே விடறோம்?"

"வால்வு மாத்தித் திறந்திருக்கலாம் சார்."

"யாரு திறக்கறது?"

முத்துக்கனி பெயரைச் சொன்னேன்.

அவளைக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஒருநாளும் வால்வு மாறவில்லை, தினமும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் விட்டேன் என்றாள். நாக்கா என்று சார் கேட்டார். மீட்டர் கிடையாதா என்று என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அவள் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

என்னிடம் ஒரு தாளை நீட்டிக் காரணத்தை எழுதித் தரச் சொன்னார். உதவியாளர் சில நாட்கள் போர் வால்வைத் திறந்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திறந்தாள் என்று எழுதவில்லை. அப்படி எழுதாமல் விட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன் போல.

உப்பு அடித்த இலை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஓரம் பிரவுனாகக் கருகி, உள்பக்கம் பச்சையாக இருக்கும். இந்த இலைகளில் ஓரம் கருகவே இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

சனிக்கிழமையோடு அவளை நிறுத்திவிட்டார்கள். போகும்போது தோட்டத்துச் செருப்பைக் கழற்றி ஷெட்டில் வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"நான் நாக்குல வச்சுப் பாத்த தண்ணி அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியும்லா."

நான் மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டைத் திறந்து போனாள்.

5. மூலைச் செடி

சரிவின் கடைசி மூலையில் ஜெனரேட்டர் கூண்டுக்குப் பின்னால் ஒரு செடி இருந்தது. கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் என் உடம்பு நுழையாது. நட்டது முத்துக்கனிதான், அவள் ஒல்லி. அந்தச் செடியை நான் வெட்டியதே இல்லை. எட்டவில்லை என்பதுதான் காரணம்.

வைகாசியில் கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசுகிற காலம். ஜெனரேட்டரைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தார்கள். கூண்டை எடுத்ததும் பின்னால் பார்த்தேன். மூலை முழுக்கப் பச்சை. ஒரு முழம் உயரம்கூட இல்லை. ஆறடிக்கு ஆறடி தரையை மூடிப் படர்ந்திருந்தது. பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, எண்ண முடியாது. மண்ணை ஒட்டி ஓடிய மெலிசுக் கிளைகளில்தான் பூ இருந்தது. காம்பை எண்ணினேன். ஏழு இலை.

அந்தச் செடிக்குப் போன தண்ணீரும் அதே குழாயில் போனதுதான். அதே வால்வு. அவள் திறந்து, அவள் நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்.

பெட்டியில் இருந்த நம்பரைத் தேடிப் பிடித்து ஓசூருக்குப் போன் பண்ணினேன். அடியிலிருந்து வருகிற கிளையை என்ன செய்வது என்று கேட்டேன். போனை எடுத்த நர்சரிப் பையன் சாதாரணமாகச் சொன்னான்.

"அண்ணா, அதுல ஒட்டே கிடையாது. பதியன் போட்ட சொந்த வேர்ச் செடி. அடியில வர்றதுதான் செடி. அதை வெட்டாதீங்க, வெட்டுனா அப்புறம் என்ன இருக்கும்?"

அவள் கூடையோடு நின்று கேட்டதும் இதுதான். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். கத்தரி ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்க முடியவில்லை, எடுத்துச் சாக்குக்குள் போட்டேன்.

அன்றைக்கே சாரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலேஜ் அட்மிஷன் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. பிறகு ஹாஸ்டல். பிறகு இன்னொன்று. மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் மூலைச் செடியின் கிளைகளை மண்ணில் பதித்து வைத்து நாற்பது கன்று எடுத்தேன். சார் வந்து பார்த்தார்.

"குட் ஒர்க் தங்கராஜ்" என்று தோளில் தட்டினார்.

அந்தத் தட்டு தாங்காமல்தான் சொன்னேன். செடியைக் கொன்றது நான், அந்தப் பெண் மேல் தப்பு இல்லை என்றேன். எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்.

"அந்த வேலைக்கு இப்ப கான்ட்ராக்ட் ஆள் வந்தாச்சு. ஃபைலும் க்ளோஸ் பண்ணியாச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

6. முள்ளக்காடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல், ஒரு கன்றைச் சின்னத் தொட்டியில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் முள்ளக்காட்டுக்குப் போனேன். உப்பளத்தில் ஞாயிறு கிடையாது. பாத்தி வரப்பில் போகப் போகக் கண் கூசியது. தலையில் துண்டு கட்டி ஏழெட்டுப் பேர் உப்பை அம்பாரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, இங்கன வந்திருக்கிய. ரோசாவுக்கு உப்பு பத்தலையோ."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து சொன்னேன். மூலைச் செடி, ஓசூர்ப் பையன் சொன்னது, நான் எழுதிக் கொடுத்த தாள், எல்லாம். அவள் காலில் பழைய சாக்ஸ் போட்டு, அதற்கு மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். சாக்ஸ் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"சாருட்ட சொன்னீயளா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"மூலச் செடிய எப்ப பாத்திய?"

"வைகாசில."

விரலை மடக்கி எண்ணினாள். வைகாசி, ஆனி, ஆடி என்று உதடு அசைந்தது. எண்ணி முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். லீவு நாளில் இங்கேதான் வாராள் என்று தலையை அந்தப் பக்கம் ஆட்டினாள். குவியலுக்குப் பக்கத்தில் சின்ன உருவம் ஒன்று கூடை சுமந்து போனது. தொப்பியால் முகம் தெரியவில்லை.

தொட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். உனக்குத்தான் என்றேன்.

அவள் தொட்டியில் இருந்த ஈர மண்ணை விரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள்.

"நல்ல தண்ணி ஊத்தி வளத்திருக்கிய" என்றாள். பிறகு தொட்டியைத் திரும்ப என் பக்கமே நகர்த்தினாள். "எங்க வீட்டு போர் தண்ணியும் இந்தப் பாத்தித் தண்ணியும் ஒண்ணுதான் அண்ணாச்சி. லாரி வந்தா குடிக்க ரெண்டு கொடம். அதுல இதுக்கும் ஊத்தணும்னா எவளாவது ஒருத்தி குடிக்காம இருக்கணும். கொண்டுபோங்க. இங்கன இருந்தா செத்துரும்."

எழுந்து போய்விட்டாள். நான் தொட்டியை கேரியரில் கட்டினேன்.

7. நம் வீட்டு வாசல்

நம் வீட்டு வாசலில் மதில் ஓரமாகப் படர்ந்திருக்கிறதே, அது அந்தத் தொட்டியில் இருந்த கன்றுதான். போன வருஷம் சின்னவன் சைக்கிள் டயரில் சிக்குகிறது என்று ஒரு கிளையை வெட்டப் போனான். நான் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டேன். ஒரு செடிக்காக அப்பா அடிக்கிறாரே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மகனே, காரணம் இதுதான்.

கெஸ்ட் ஹவுஸ் வேலையை விட்டபிறகு ஊருக்குள் பத்துப் பதினைந்து வீட்டில் இந்த ரோஜாவை வைத்துக் கொடுத்திருக்கிறேன். கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டடி மண் இருந்தாலும் வரும். மாடிக் கைப்பிடிச் சுவரில் அகலத் தொட்டியில் வைத்தால் கீழே தொங்கும். ஐந்து மணி நேரம் வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. கொண்டல் அடித்த மறுநாள் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மற்றபடி அந்த சார் சொன்னது உண்மைதான். வேலையே இல்லாத ரோஜா. அதற்குப் போய் நான் தினமும் வேலை செய்தேன்.

முத்துக்கனி இன்னும் பாத்தியில்தான் இருக்கிறாள். இரண்டு வீட்டில் தோட்ட வேலைக்குச் சொல்லிப் பார்த்தேன். செடியை உப்புத் தண்ணீர் விட்டுக் கொன்றவள் என்ற பேச்சு எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. இல்லை, நான்தான் கொன்றேன் என்றேன். பெருந்தன்மையாகச் சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மகள் இப்போது லீவு நாளில் மட்டும் போவதில்லை, எல்லா நாளும் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். இதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மனசு வரவில்லை.

நீங்கள் ஆபீஸ் வேலைக்குப் போகப்போகிறவர்கள். ஒருநாள் உங்களிடமும் ஒரு தாளை நீட்டிக் காரணம் எழுதச் சொல்லுவார்கள். பேனாவைத் தொடுவதற்கு முன்னால் செடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். நானும் தினமும் குனிந்தவன்தான். ஆனால் வெட்டுவதற்கு மட்டுமே குனிந்தேன்.